அண்ணன் மகன் குடித்த பால்

அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருசம்மாளுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கும், உறிஞ்சத் தெம்பில்லாமல் தூங்கிப்போகும். பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொன்னார் நர்ஸ் மங்களம் மிஸ்ஸி. முதலில் நன்றாக வந்தது, பிறகு பீய்ச்சப் பீய்ச்சக் குறைந்தது. டின் பாலோ குழந்தை வயிற்றில் தங்கவில்லை.

"தெம்பான பிள்ளை ஒண்ணு ஒரு பக்கம் குடிச்சா, மறுபக்கம் தானா சொட்டும். அதைப் பிடிச்சு இவளுக்குக் கொடுக்கலாம். குறைமாசப் பிள்ளைக்குப் பெத்தவ பால்தான் ஒத்துக்கும்" என்றார் மிஸ்ஸி.

தெம்பான பிள்ளை அண்ணி ராஜம்மாவிடம் இருந்தது, நான்கு மாதப் பையன். அவளும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தரை துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார ஆயா பாத்திமா நிமிர்ந்து பார்த்தாள். ஒரே மார்பில் குடித்தவர்கள் தங்கள் முறைப்படி அண்ணன் தங்கை என்று சொல்லிவிட்டு, "காவின் தா போலே லா" என்று சிரித்தாள். கல்யாணம் கூடாதாம்.

இருசம்மாள் மாராப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வயிற்றில் இருக்கும்போதே அண்ணன் சிவசாமி பேசி முடித்திருந்தான், பெண் பிறந்தால் தன் மகனுக்குத்தான் என்று.

"அது அவங்க முறை அண்ணி. நமக்கு இல்லைதானே?"

"நமக்கும் இருக்குமோ என்னமோ. யாரைப் போய்க் கேக்க?"

மிஸ்ஸியைக் கேட்டார்கள். தான் வேதக்காரி, இந்துக்கள் முறை தனக்குத் தெரியாது என்றார். கோயில் பூசாரிக்கு ஆள் அனுப்பினார்கள். இப்படி ஒன்றைத் தான் கேள்விப்பட்டதே இல்லை, யோசித்துச் சொல்வதாகப் பதில் வந்தது. இருசம்மாளின் புருஷன் கந்தசாமி, அண்ணனைக் கேள் என்றான். சிவசாமி, பெண்பிள்ளைகள் விஷயம் தனக்கென்ன தெரியும் என்றான். கேட்கக் கேட்க இருசம்மாளுக்குக் குழப்பம்தான் கூடியது. பாலைக் கொடுத்தால் மாப்பிள்ளை போய்விடுவான், கொடுக்காவிட்டால் பெண்ணே போய்விடும்.

மத்தியானம் குழந்தையின் முனகல் நின்றது. ராஜம்மா குனிந்து மூச்சைப் பார்த்தாள்.

"அழக்கூட மாட்டேங்குது, இருசு. பொண்ணு இல்லாம வெறும் மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மாராப்பை எடு."

பையன் கவ்விய வேகத்தில் இருசம்மாள் பல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் சொட்டியது. மிஸ்ஸி பாலாடையில் ஏந்தி, குழந்தையின் கடைவாயில் விட்டார். தொண்டை அசைந்தது. மறுபடி விட்டார். மறுபடி அசைந்தது.

இருசம்மாள் மடியில் இருந்தவனையும் மிஸ்ஸியின் கையில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, இப்ப இவன் எனக்கு மருமவனா, மவனா?"

"அதெல்லாம் அப்புறம். அவனைக் கொஞ்சம் ஏத்திப் பிடி, கடிக்கப்போறான்."