பூனை இருந்த இடத்தில் ஆமை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கொலம்பியாவின் வட ஓரத்தில், மோன்தெரியா நகரில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன நிலையத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். திங்கட்கிழமை வகுப்புக்கு ஒன்றும் தயார் செய்யவில்லை. சனிக்கிழமை மத்தியானம், எங்களைப் போன்ற மொழி ஆசிரியர்கள் பாடத்தாள்களைப் போட்டுவைக்கும் இணையதளம் ஒன்றை மேய்ந்துகொண்டிருந்தேன். அடுத்தவர் உழைப்பில் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம் என்ற நல்லெண்ணம்தான்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் தாளையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், இஷ்டம்போல் மாற்றலாம். ஆனால் மாற்றியதை மூலத்தாளுக்குக் கீழேயே திரும்பக் கொண்டுவந்து போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டோமே, அந்த மரியாதை.

அன்று என் கண்ணில் பட்டது 'வீட்டுக்கு ஒரு போன்' என்ற பழைய தாள். ஆரம்பநிலை ஆங்கிலம். வெளியூர் போன மகளும் வீட்டிலிருக்கும் அம்மாவும் பேசுகிறார்கள். மகள், 'எல்லாரும் எப்படி இருக்கீங்க?' என்கிறாள். அம்மா, 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்கிறாள். கட்டிலில் பூனை தூங்குகிறது என்கிறாள். அவ்வளவுதான், இதைவிடச் சப்பென்ற உரையாடலை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கீழே வரிசையாக மாற்றிய தாள்கள். ஜப்பான்காரர் ஒருவர் அம்மாவை மேனேஜராக்கியிருந்தார். பிரேசில்காரர் ஒருவர் பூனையை விட்டுவிட்டுக் கால்பந்தைப் புகுத்தியிருந்தார். கடைசித் தாள் போலந்திலிருந்து வந்திருந்தது. யாரோ அதை ஸ்பானிய மொழி வகுப்புக்காக ஸ்பானிஷில் மாற்றியிருந்தார்கள். அதில் பூனை இருந்த இடத்தில் ஆமை. அதோடு, 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்ற அம்மாவின் வரியை எடுத்துவிட்டு, நிரப்பச் சொல்லிக் கோடு போட்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்கு மூன்று தடவை முட்டி மோதினேன்.

'சினூ ஆற்றின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்த...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

'நெல்சி தோரியா தன் மகளிடம் ஒரு பொய் சொன்னாள்.' (உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கூண்டில் ஏற்றிவிட்டால் அப்புறம் நீங்கள் அவளை இறக்கிவிடவே மாட்டீர்கள்.)

'நெல்சி தோரியா வீட்டில் ஓர் ஆமை இருந்தது.' இது போகட்டும்.

சினூ ஆற்றங்கரை ஊரான லோரிக்காவில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறாள். ஊரில் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர், காய்கறிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆமையைக் கொண்டுவந்தது அவள் கணவன் அபேல், படகு மோட்டார் பழுதுபார்ப்பவன். மகள் யூலிஸா நடை பழகிய வயதில் வந்த ஆமை. நகரவே மாட்டேன் என்று கிடந்ததால் அதற்கு 'மேயர்' என்று பெயர் வைத்தான். கொல்லையில் சலவைத் தொட்டிக்கு அடியில்தான் மேயர் தூங்குவார். யூலிஸா வளர்ந்தாள், அம்மாவைப்போலவே மொழி ஆசிரியையானாள், ஸ்பானிஷ் கற்பிக்கப் போலந்துக்குப் போனாள். போன புதிதில் நெல்சி எழுதித் தளத்தில் போட்டதுதான் அந்தப் பூனைத் தாள்.*

* ஆமை வளர்ப்பவள் எதற்குப் பூனை என்று எழுதினாள் என்று கேட்பீர்கள். ஆங்கிலப் பாடத்தாளில் பூனைதான் தூங்கும். அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

3

இப்போது அந்தப் பொய். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

அபேலுக்குக் கணையத்தில் புற்று. போலந்தில் யூலிஸாவுக்கு நிரந்தர வேலைக்கான தேர்வு நெருங்கிய மே மாதம் அது. 'பிள்ளைகிட்ட மூச்சு விடாதே, பரீட்சை முடியட்டும்' என்று அபேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யூலிஸா போன் செய்வாள். எல்லாரும் எப்படி இருக்கீங்க என்பாள். கொல்லைப் பக்கம் கட்டிய, பெரியவர்கள் படுக்கும் துணித் தூளியில் சுருண்டு கிடக்கும் அபேல் அங்கிருந்தே கையை ஆட்டுவான். நெல்சி, 'எல்லாரும் நல்லா இருக்கோம்மா' என்பாள். குரல் நடுங்காமல் சொல்லப் பழகிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி ஏறிப்போன வாக்கியமல்லவா.

(கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எந்த ஊர் மொழி வகுப்பிலும் முதல் நாள் என்ன கற்றுத்தருகிறோம்? எப்படி இருக்கிறாய்? நல்லா இருக்கேன், நன்றி. பிறமொழியில் ஒரு பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கும் முதல் சொத்தே அதுதான். 'நல்லா இல்லை, கொஞ்சம் உட்கார், சொல்கிறேன்' என்பது எந்தத் தாளிலும் இல்லை. நானும் கற்றுத்தந்ததில்லை.)

தேர்வு முடிவதற்குள் அபேல் போய்விட்டான். அவன் நினைத்ததைவிட வேகமாக நடந்துவிட்டது. ஒன்பதாம் நாள், இறந்தவனுக்கான ஜெபமெல்லாம் முடிந்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்த பீடத்தைக் கலைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யூலிஸா வந்து சேர்ந்தாள். கத்தவில்லை. வந்தவர்கள் காப்பி குடித்த தம்ளர்களையெல்லாம் கழுவி அடுக்கினாள். கொல்லையில் குத்துக்காலிட்டு மேயரின் ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேனேம்மா."

அதோடு ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது. பிறந்தநாளுக்கு ஒரு பூப் படம் வரும், பதிலுக்கு இவள் ஒரு பூப் படம் அனுப்புவாள். நான்கு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. நெல்சி நல்லவளா, கெட்டவளா என்று எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். அவள்மேல் எனக்குப் பிரியம் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

4

பள்ளி இடைவேளை. ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். நெல்சி அங்கே உட்கார்ந்து, முட்டை வைத்த சோள அரேப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, தன் பழைய தாளுக்குக் கீழே புதிதாக வந்திருந்த போலந்துத் தாளைத் திறக்கிறாள்.

தாளில் ஆமைக்குப் பெயர் இல்லை. நான் நினைத்தால் 'மேயர்' என்று போட்டுவிடலாம், இவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போலந்தில் வேறு ஆமைக்காரர்கள் இல்லையா என்ன? (கல்நெஞ்சக்காரன் என்று திட்டாதீர்கள். மனசு கேட்காமல் அடுத்த வரியிலேயே துப்பு வைத்துவிட்டேன்.)

அடுத்த வரியில் மகள் கேட்கிறாள்: 'ஆமை இன்னும் சலவைத் தொட்டிக்கு அடியிலதான் தூங்குதா?'

நெல்சியின் கையிலிருந்த அரேப்பா அப்படியே நின்றது.

தாளின் தலைப்பில், மூலத்தில் இல்லாத ஒரு குறிப்பும் இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை. மே மாதம்.' அதன் கீழே மகளின் கேள்வி, எல்லாரும் எப்படி இருக்கீங்க. அதற்கும் கீழே, அம்மாவின் பதிலுக்கான கோடு.

கோட்டைப் பற்றி ஒரு தொழில் சங்கதி சொல்ல வேண்டும். கோட்டின் நீளத்தை வைத்தே பிள்ளைகள் விடையை ஊகித்துவிடுவார்கள். ஆகவே எல்லாக் கோட்டையும் ஒரே நீளத்தில் போட வேண்டும். சின்ன வயதில் நெல்சியின் தாள்களையெல்லாம் முதலில் நிரப்பிப் பார்த்தவள் யூலிஸாதான். 'அம்மா, இது குட்டிக் கோடு, குட்டி விடைதான்' என்று கண்டுபிடித்து நெல்சிக்கு இந்தப் பாடத்தைப் புகட்டியவளும் அவளே. போலந்துத் தாளிலும் மற்ற எல்லாக் கோடும் ஒரே நீளம். அம்மாவின் பதிலுக்கு மட்டும் மூன்று முழு வரி விட்டிருந்தது.

கேண்டீன் நடத்தும் ஒசிரிஸ் தட்டெடுக்க வந்தாள். நெல்சியைவிட மூத்தவள், வாய்த்துடுக்கு, அபேலின் இறுதி நாட்களில் வீட்டோடு வந்து கிடந்தவள்.

"என்னடி, அரேப்பாவுல முட்டை இல்லையா? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

நெல்சி போனை நீட்டினாள். ஒசிரிஸ் படித்தாள், திரும்பப் படித்தாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்பர் இருக்குல்ல? போட்டுப் பேசுடி."

"போன்ல கேட்டா நான் மறுபடி நல்லா இருக்கோம்னுதான்க்கா சொல்லுவேன். வாய் தானா சொல்லிடும்."

ஒசிரிஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

"அப்ப எழுது. அதான் மகராசி, மூணு வரி விட்டு வெச்சிருக்காளே."

5

இனி நெல்சி என்ன எழுதுகிறாள் என்பது. தப்பாக எழுதினால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும், இதைவிட்டால் யூலிஸா இன்னொன்று திறப்பாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நெல்சிக்கு அது தெரியும். எனக்குத்தான் கை ஓடவில்லை.

முதலில் 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதவைத்தேன். அவளே அதை அழித்துவிட்டாள். மகள் கேட்டது அதுவா? வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்பதுதானே கேள்வி.

அப்புறம் இன்றைய நிலவரத்தை எழுதவைத்தேன். முழங்கால் வலிக்கிறது, அடுப்படியில் ஒழுகுகிறது, தூளி இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது, யாரும் படுப்பதில்லை, துவைத்துத் துவைத்துத் திரும்ப அங்கேயே... (இதை எழுதும்போது அழுதுவிட்டேன். நான் அழுத பத்தி உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாவதாக, அவள் எதுவுமே எழுதாமல் போனை மூடிவைத்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போவதாக ஒரு முடிவு யோசித்தேன். அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. படித்தவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் கொல்லையில் குத்துக்காலிட்டு ஆமையைத் தடவிய பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

6

பள்ளி விட்டதும் அவள் நேரே வீட்டுக்கு வந்தாள். மேயருக்குப் பப்பாளித் துண்டு போட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தாளை மேலிருந்து மறுபடி படித்தாள். ஞாயிற்றுக்கிழமை. மே மாதம்.

அப்போதுதான் உறைத்தது. யூலிஸா இன்றைக்குக் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டதைத்தான் கேட்கிறாள். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே கேள்வி. அந்த நாளையே அம்மாவின் முன்னால் திரும்பக் கொண்டுவந்து வைத்து, இந்தத் தடவை சரியாகச் சொல் என்கிறாள்.

நெல்சி சொன்னாள். முதலில் வாய்விட்டு, கொல்லையைப் பார்த்துச் சொன்னாள். தூளியிலிருந்து கையாட்ட யாரும் இல்லை. பிறகு தட்டினாள்.

'நல்லா இல்லம்மா. அப்பாவுக்கு ரொம்ப முடியல, டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கியிருக்கார், இருந்தாலும் சொல்றேன். பரீட்சை கிடக்கட்டும், உடனே கிளம்பி வா, அப்பா உன்னப் பாக்கணும்.'

மூன்று வரிக்குள் சரியாக அடங்கியது. இதைச் சொல்ல இவ்வளவு இடம்தான் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து, அதற்குக் கீழே மகளின் அடுத்த வரியை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். வழக்கப்படி, போலந்துத் தாளுக்குக் கீழே தன் தாளைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

7

யூலிஸா என்ன எழுதினாள்?

நிஜமான தளத்தில் அந்தப் போலந்துத் தாளுக்குக் கீழே இப்போது வேறு தாள் ஏதும் வந்திருக்கிறதா என்று நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷ வேலைதான். பயமாக இருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை என்றால் யாரோ ஓர் ஆமைக்காரர் சும்மா போட்ட தாளை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு நேரம் உங்களைப் பிடித்து உட்காரவைத்ததாக ஆகும். இருந்துவிட்டாலோ, இன்னும் பயம்.

எப்படியானாலும் எடுத்தவன் திருப்பிப் போட்டாக வேண்டும். நான் மாற்றிய தாள் இதுதான், உங்களிடம் போடுகிறேன். எங்கள் தொழில் முறைப்படி பயிற்சிக் குறிப்பும் சேர்த்திருக்கிறேன்.

'இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் அம்மா, ஒருவர் மகள். அம்மாவின் பதிலைச் சத்தமாகப் படியுங்கள். மகளின் வரியை நீங்கள் நிரப்புங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதவர்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் செய்து பார்க்கலாம்.'

மகள்: ______________________________

______________________________

______________________________

______________________________

கோடு கொஞ்சம் நீளமாகவே விட்டிருக்கிறேன்.