முற்றத்துச் சாய்வு

…எழுந்து, முகம் கழுவி, சுபஹ் தொழுது, கேத்தலை அடுப்பில் வைத்து, அது கொதிக்கும் வரைக்கும் முற்றத்தில் இறங்கிக் கரவன் வண்டியின் அடியைத் தடவிப் பார்ப்பது, எல்லா நாளும் இப்படித்தான், கை ஈரமாக வந்தால் எங்கோ கசிகிறது, காய்ந்து வந்தால் கசியவில்லை, இன்றைக்குக் காய்ந்து வந்தது, நல்லது. உள்ளே வந்து தேயிலைச் சாயம் ஊற்றினேன். மாமியின் கோப்பையை அவருடைய அறைக்கு வெளியே ஸ்டூலில் வைத்தேன், என்னுடையதை நின்றபடி குடித்தேன், எதிர்மலைத் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டுக்குச் சங்கு ஊதியது, கூடை மாட்டிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள், ஹாலிஎல பக்கம் பனி இன்னும் கலையவில்லை… பல் துலக்கினேனா? துலக்கினேன், வாயில் பற்பசையின் காரம் இருக்கிறது. இப்படிச் சில காரியங்களைச் செய்தேனா என்று பிறகு சரிபார்க்க வேண்டியிருக்கிறது, செய்கிறவன் ஒருவன், பார்த்துக்கொண்டிருக்கிறவன் இன்னொருவன் மாதிரி, கஷ்டம் ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை, கணக்குக் கொப்பிகள் திருத்தி முடிந்தது. இன்றைக்குக் கல்முனைக்குப் போக வேண்டும். போவோமா என்பதுதான் கேள்வி, மாமி ஏறுவாரா என்பது.

மாமி என்றால் என் மனைவி ஜிப்னாவின் உம்மா, றஷீனா மாமி. ஜிப்னா மவுத்தாகி ஒரு வருடத்துக்கு மேல், நான் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன், எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது, பெண் போன பிறகு மாப்பிள்ளை எங்கே போவது என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை, மாமியும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, சாயக் கோப்பை உள்ளே போகிறது, வெறுமையாக வெளியே வருகிறது, அது போதும் என்று இருக்கிறோம். அவருடைய மகன் புவாத் கல்முனையில் கல்யாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டான், அவனுக்கு ஒரு பெண்பிள்ளை, மாமியின் முதல் பேத்தி, பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது, எல்லாவற்றையும் மாமி போனில்தான் பார்த்தது. அவன் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில், "வழியில தண்ணி இல்லயே மகன், நான் எங்க போற." சீனி வருத்தக்காரர், நீரிழிவு, அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும், பசறை தாண்டினால் பிபிலை வரைக்கும் அவர் நம்பிக் கால் வைக்கிற மாதிரி ஓர் இடம் கிடையாது, கடைகளில் கேட்டால் பின்பக்கத்தைக் காட்டுவார்கள், பின்பக்கம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை… அதோடு தொழுகை நேரம் வந்தால் கை கால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீர். சரி, தண்ணீர்தான் தடை என்றால் அதைச் செய்துவிடலாம், அது என் கையில் இருக்கிற விஷயம்.

இந்தக் கரவன், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற இரண்டு சக்கர வீடு, ஜிப்னாவும் நானும் சேர்ந்து வாங்கியது, எல்லவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று. முதல் நாள் அவள் உள்ளே ஏறி இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தாள், கட்டில், அடுப்பு, நெஞ்சு உயரத்தில் ஒரு பேசின், அதில் பூனை குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் விடுகிற ஒரு குழாய். "இதச் செஞ்சவன் ஒரு நாளும் கால் கழுவியிருக்க மாட்டான்" என்றாள், "கால பேசின்ல தூக்கி வைக்கிறதா, சர்க்கஸா?" தூக்கியும் காட்டினாள், விழப் பார்த்தாள், நான் பிடித்தேன்… எங்கே பிடித்தேன், தோளிலா, முழங்கையிலா, பேசின் விளிம்பு நினைவிருக்கிறது, அதில் இருந்த துரு நினைவிருக்கிறது, பிடித்த இடம் நினைவில்லை. மூலையில் தாழ்வாக ஒரு குழாய், கீழே தட்டு, பக்கத்தில் உட்கார ஒரு பலகை, யோசனை அவளுடையது, செய்தது அவள் போன பிறகு. வெடித்துப்போன பழைய பைப்பைக் கழற்றி எறிந்து புது ஹோஸ் இழுத்தேன், மூட்டு மூட்டாக வெள்ளை நாடா சுற்றினேன், கழிப்பறைக்கு ஒரு கை ஷவர், தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வடி, தண்ணீர் திரும்பி ஓடாமல் இருக்க ஒரு வால்வு, பள்ளிக்கூடம் விட்டு வந்து அஸர் தொழுத பிறகு இருட்டும் வரைக்கும், மாதக்கணக்காக. பார்த்தவர்கள் பாவம் என்றார்கள். பாவமாக இல்லை. கிளிப்பை இறுக்கும்போது இதற்கு மேல் வேண்டாம் என்று கைக்கே தெரியும் ஒரு கட்டம் வரும், அந்த நேரத்தில் மனதில் வேறொன்றும் இருக்காது, வேறொன்றும் இல்லாமல் இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

இன்றைக்குச் சாயம் குடித்துவிட்டுக் கை ஷவரின் கடைசிக் கிளிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாறூக் நானா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார், வாயில் பிரஷ்.

"மாப்புள, கப்பல் எத்தன மணிக்கு?"

"மாமி ரெடியானதும்."

"அப்ப இந்த வருஷம் இல்ல." நுரையைத் துப்பினார். "ஹஜ்ஜுக்குப் போறப்பகூட நான் இவ்வளவு ஆயத்தம் செய்யல்ல. ஒரு சாக்கக் கட்டி மறச்சு, ஒரு வாளி தண்ணி வெச்சாப் போதாதா?"

"நீங்க போறப்ப அப்படியே போங்க நானா, நான் சாக்குத் தாறன்."

"ஆ, பேச்சு வருது" என்றார், சந்தோஷப்பட்ட மாதிரி, தலை மதிலுக்குக் கீழே இறங்கியது. இன்னும் மாப்புள என்றுதான் கூப்பிடுகிறார், அந்த வீதி முழுவதும் அப்படித்தான், யாருடைய மாப்பிள்ளை என்பது போய்விட்டது, மாப்பிள்ளை மட்டும் மிச்சம்… மாமி ஏற வேண்டுமே, படி உயரம், முழங்கால் நோகும், கரவனின் மூக்கைத் தாங்கும் முன்பக்க ஜக்கைச் சுற்றி இறக்கினேன், இறக்கி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழ் நடுவில் நின்றது, இன்னும் கொஞ்சம் இறக்கினால் படி இன்னும் தாழும் என்று இறக்கினேன், மூக்கு லேசாகக் குனிந்தது. பம்ப் சுவிட்சைப் போட்டேன். உறுமியது. தாழ்வுக் குழாய் ஒரு தடவை துப்பியது, இருமியது, பிறகு காற்று. தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் இருக்கிறது, நேற்றுக்கூட ஒழுங்காக வந்தது, மூட்டுகளைத் தடவினேன், எல்லாம் காய்ந்திருந்தது, வடியைக் கழற்றி ஊதினேன், சுத்தம். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாறூக் நானா, "சளி பிடிச்சிருக்கு மாப்புள, கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க." நான் கட்டில் பலகையைத் தூக்கித் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்தேன், தண்ணீர் இருந்தது, எல்லாம் முன்பக்கம் போய் நின்றது, பம்ப் உறிஞ்சுகிற துவாரம் பின்பக்கத்து மூலையில் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் விளங்கியது, விளங்கிச் சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல். எங்கள் முற்றம் வீதியிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கிச் சரிகிறது, கரவன் எப்போதும் மூக்கை மேலே வைத்தே நிற்கும், தண்ணீர் பின்னால் போய்ச் சேரும், சேர்கிற இடத்தில் துளை போட்டேன், இந்த முற்றத்தைச் சரிவு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, இதுதான் தரை, மற்றதெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். வீட்டுக்கும் மோட்டார் கிடையாது, தேயிலைக்கு மேலே ஊற்று, அங்கிருந்து பைப், திறந்தால் தானாக வரும், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. சாய்வுக் கோணம் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்… இங்கிருந்து பிபிலைக்கு இறக்கம், அதற்குப் பிறகு சமதரை, நிறுத்துகிற இடமெல்லாம் மூக்கு கீழே, மாமி பசறைக்கு அப்பால் உட்கார்ந்து குழாயைத் திறந்திருப்பார், அது இருமியிருக்கும், திரும்பு மகன் என்றிருப்பார், அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் ஏற மாட்டார். இப்போது தெரிந்தது நல்லதாயிற்று. துவாரத்தை எங்கே மாற்றினாலும் இன்னொரு பக்கம் சரியும்போது காயும், அப்படியானால் துவாரம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது… பெட்டியைக் கிளறி மெல்லிய ஹோஸ் ஒரு முழம் எடுத்தேன், வளைத்தால் வளைகிற ரகம், ஒரு முனையைத் துவாரத்தின் உட்புறத்தில் மாட்டிக் கிளிப் போட்டேன், மறு முனையில் கழற்றி வைத்திருந்த கனமான பித்தளை மூட்டு ஒன்றைச் செருகி இறுக்கினேன், உள்ளே போட்டேன். அது தொட்டியின் அடியில் விழுந்து உருண்டு, தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே போய்க் கிடந்தது. ஜக்கை ஏற்றினேன், உள்ளே டக் என்று ஒரு சத்தம், பின்னால் போய்விட்டது. இறக்கினேன், டக், முன்னால். பம்பைப் போட்டேன், தாழ்வுக் குழாய் இருமாமல் ஓடியது, ஏற்றியும் ஓடியது, இறக்கியும் ஓடியது. தேவையில்லாமல் இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன், அந்தச் சத்தத்துக்காக. ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மாமி வெளியே வந்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. பை எதுவும் கையில் இல்லை, சால்வை மட்டும், பார்க்கத்தான் வருகிறேன் என்கிற மாதிரி. என் தோளைப் பிடித்து ஏறினார், பலகையில் உட்கார்ந்தார், குழாயைத் திறந்தார். நான் வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்தேன், சத்தம் கேட்டது, கை, வாய், முகம், முழங்கை, கடைசியில் கால், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குழாயை மூடி மூடித் திறக்கிறார், அவ்வளவு சிக்கனம், தட்டில் விழுந்த தண்ணீர் கீழே வாளிக்குப் போவது கேட்டது, கசிவு இல்லை. முடிந்தது. ஆனால் எழும்பவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கிறீங்க மகன்."

"அப்ப போவமா மாமி?"

ஈரக் காலைப் பலகையின் விளிம்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி இல்ல எண்டு நான் சொன்னது பொய்யில்ல" என்றார், "ஆனா அது மட்டும் இல்ல." பிறகு, "அங்க புவாத்துட பொஞ்சாதிட ஆக்கள் எல்லாரும் வருவாங்க, என்னப் பாக்க. மையத்து அடக்கத்துக்கு வந்து சேர ஏலாமப் போன ஆக்கள். உக்காந்த உடனே கேப்பாங்க, மகள் கடைசியா என்ன சொன்னா எண்டு. நான் அண்டைக்கு வெலிமடையில, கல்யாண ஊட்டுல, சோறு தின்னுட்டு இருந்தன். பெத்த உம்மாக்குத் தெரியாதா எண்டு கேட்டா நான் எந்த முகத்த வெச்சிக்கிற?" சால்வையின் நுனியால் முழங்கையைத் துடைத்தார், அது ஏற்கெனவே காய்ந்திருந்தது. "உங்ககிட்ட கேக்க இவ்வளவு நாளும் வாய் வரல்ல."

இவ்வளவு ஹோஸ், இவ்வளவு கிளிப்… அவருக்குத் தடை இதுவாக இருந்திருக்கிறது, ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். அந்தப் பெண்கள் எதைக் கேட்க விரும்புவார்கள் என்று எனக்குத் தெரியும், கலிமா சொன்னாள் என்றால் போதும், எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள், மாமியின் தலை நிமிரும், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் இங்கே இல்லை, இங்கே இருப்பது மாமி, கேட்டது அவள் என்ன சொன்னாள் என்று. அவள் பின்னால் கொடியில் துணி எடுக்கப் போனவள் அங்கேயே விழுந்தாள், மூளையில் இரத்தம் கசிந்ததாம், ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை, ஆகவே போகிற வழியில் என்னிடம் சொன்னதுதான் கடைசி, வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. அதை யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவு சின்னது. சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

மாமியிடமிருந்து மூக்கால் ஒரு மூச்சு, சிரிப்பா என்று தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்திருந்தது. "என்ட மகள்தான்" என்றார். "கேட்டா அதையே சொல்லுறன், அவளுகள் என்ன நினைச்சாலும் பரவால்ல. போய் என்ட பேக்க எடுத்துட்டு வாங்க, கட்டிலுக்குக் கீழ ஈக்கு. நாலு நாளைக்கு முந்தியே அடுக்கினது." நான் திரும்பினேன். முற்றத்தில் இரண்டடி வைத்திருப்பேன்.

"மகன்."

"என்ன மாமி?"

"மூடினீங்களா?"

நின்றேன். பாறூக் நானா வீட்டு ரேடியோ கேட்டது, தொட்டிக்குள் பித்தளை ஒரு தடவை அசைந்து அடங்கியது… அன்றைக்கு மழை வரப் பார்த்தது, நான் மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன், சிவப்புப் பேனா, யாரோ ஒரு பிள்ளை பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தது, சாயம் பாதியில் இருந்தது, அவள் எனக்குப் பின்னால் போனாள், துணி எடுக்கும் அவசரத்தில், ஒரு செருப்பு மாட்டியும் மாட்டாமலும், நான் ம் என்றேன், ம் என்றது நிச்சயம், கை போனதா, மூடியை எடுத்ததா, அதற்குப் பிறகுதான் விழுந்த சத்தம் கேட்டதா, அதற்கு முன்னாலா… எவ்வளவு பார்த்தாலும் மேசைக்கு மேலே அந்த ஓர் இடம் மட்டும் தெரியவில்லை, இத்தனை நாளும் அதைத் தேட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. தெரியல்ல மாமி, என்றேன். ஜிப்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போகிற போக்கில்தான் சொன்னாள், "பிஸ்கட் டின்ன மூடி வைங்க, எறும்பு வந்துடும்."