நான்காம் சான்றெண்

பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கிற என் தட்டச்சுக் கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். சான்றெண் போட்டு முடித்த பிறகு கோப்பை யாரும் தொடக்கூடாது. எழுதியவரானாலும் சரி, அவரை மேய்க்கிற பேராசிரியரானாலும் சரி. பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். படிக்காத மாதிரி நிற்பவர்களுக்கு வாயாலும் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. எதையாவது எங்கிருந்தாவது எடுத்து எழுதினால், அந்த வரியின் தலையில் சான்றெண் என்று சின்னதாக ஓர் எண் போட்டு, ஆய்வேட்டின் கடைசியில் அந்த எண்ணுக்கு நேராக விவரம் கொடுக்க வேண்டும். முதல் தடவை கணினியில் வேர்ட் மென்பொருளே எண் போட்டுக்கொள்ளும். அதே புத்தகம் ஐம்பது பக்கம் தள்ளி மறுபடி தலைகாட்டும்போதுதான் வம்பு. புதிதாகப் போட்டால் வேறு எண் விழும். பழைய எண்ணையே காட்ட கிராஸ் ரெஃபரன்ஸ் என்று ஒரு வழி உண்டு. பெட்டியைத் திறந்து, நீளமான பட்டியலில் தேடி, தேர்ந்து, மூட வேண்டும். என் கணினி ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கும். எனக்கோ பொறுமை கிடையாது. அதனால் குறுக்குவழி வைத்திருந்தேன். 'இனி தொடமாட்டேன்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, திரும்ப வருகிற எண்களைக் கையாலேயே அடித்து, சிறிதாக்கி, மேலே தூக்கிவிடுவேன். பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் நடுவில் புதிதாக ஒன்றைச் சொருகினால் வேர்ட் போட்ட எண்கள் தானாக நகர்ந்துகொள்ளும், நான் அடித்தவை நகராது. பதினைந்து வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

கண்டுபிடித்தது என் தங்கையின் ஆய்வேட்டில்.

வாய்மொழித் தேர்வுக்கென்று எடுத்த புதுச் சேலையோடு பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குள் வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன டாக்டரம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றேன். அவள் ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"பாதியில நிறுத்திட்டாங்கக்கா."

ஆய்வேட்டை மேசையில் போட்டாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிவப்பு மையால் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டிருந்தார். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த பெண்களைப் பற்றியது அவள் ஆய்வு. இருக்கையை விட்டு எழுந்தால் அபராதம் என்று ஓரிடத்தில் எழுதி, தலையில் 46 என்று போட்டிருந்தது. கடைசியில் போய் 46ஐப் பார்த்தால் தலைவலித் தைல விளம்பரம்.

"தைலக் கம்பெனிதான் அபராதம் போட்டுச்சான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாரு. எதுவுமே பொருந்தல. இல்லாத ஆதாரத்த இருக்கிற மாதிரி காட்டியிருக்கேன்னு எழுதப்போறேன்கிறாரு. நாலு மணிக்கு ஊருக்குக் கிளம்புறாராம். அதுக்குள்ள எல்லாத்தையும் சரியாக் காட்டினா பட்டம். இல்லேன்னா விசாரணை."

விசாரணை என்று வந்துவிட்டால் பட்டம் மட்டுமல்ல, பெயரும் போகும். பொய் ஆதாரக்காரி என்று ஒரு தடவை எழுதிவிட்டால் எந்தக் கல்லூரியிலும் வாசற்படி ஏற முடியாது. ஏழு வருட உழைப்பு.

கையால் அடித்தவள் நான். கோப்பைத் திறந்து நாலைந்து இடம் பார்த்தேன். பணி விதிகள் 47இல் இருந்தன, நான் அடித்திருந்தது 46. ஒரு பெண்ணின் நாட்குறிப்பு 32இல் இருந்தது, அடித்திருந்தது 31. எல்லாம் கச்சிதமாக ஒன்று குறைவு.

"பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போனியே, எதையாவது தொட்டியா?"

"இல்லக்கா." மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அப்படியானால் நான்தான் எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டேன். கண் அவிந்துபோச்சா எனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைக் கதவைப் பாதி சாத்தினேன். இந்தத் தடவை குறுக்குவழி வேண்டாம், ஒவ்வொன்றையும் முறையாக கிராஸ் ரெஃபரன்ஸாகவே மாற்றுவது என்று உட்கார்ந்தேன். திரும்ப வருகிற எண்கள் நூற்றுப் பதினெட்டு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் குறிப்பட்டைகளைப் பார்த்து "பணி விதிகள்", "நாட்குறிப்பு", "ஆண்டறிக்கை" என்று சொல்லச் சொல்ல, நான் பட்டியலில் தேடினேன். கணினி ஒவ்வொரு தடவையும் யோசித்தது. எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆட்டாதே."

"நான் ஆட்டல, மேசை ஆடுது."

ஒன்றேகாலுக்குப் பதினெட்டு முடிந்தது. இரண்டுக்கு நாற்பத்தொன்று. அச்சடிக்கவே முக்கால் மணி நேரம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளைத் திட்டினேன், கணினியைத் திட்டினேன், நாலு மணிக்குக் கிளம்புகிற அந்த மனிதரைத் திட்டினேன்.

அடுத்ததாக வந்த எண் 3. "மகளிர் பணி நேர அறிக்கை" என்றாள். பட்டியலைப் பார்த்தேன். 3இல் அதேதான் இருந்தது.

"மூணு சரியா இருக்கே."

அவள் காலாட்டம் நின்றது. இன்னும் தொடாத பக்கங்களில் 1, 2 வரும் இடங்களைப் பார்த்தேன். அவையும் சரி. 5 தப்பு. அப்படியென்றால் நான் எண்ணியதில் பிழையே இல்லை. மூன்றுக்கு அடுத்து யாரோ ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள்.

நான் ஆய்வேடுகளைப் படிப்பதில்லை. எழுத்தைத்தான் பார்ப்பேன், பொருளைப் பார்த்தால் கை நின்றுவிடும். அன்றைக்கு நான்காம் சான்றெண்ணைப் படித்தேன். ஏழாம் பக்கத்தில், பகலெல்லாம் அடுத்தவர் பேச்சைக் கடத்திய பெண்களுக்கு மாலையில் தம் பேச்சென்று ஒன்று மிஞ்சவில்லை என்ற வரிக்கு அது ஆதாரம்.

'தட்டச்சுப் பணியாளர் (ஆய்வாளரின் தமக்கை), நேர்காணல், வீட்டுச் சமையலறை: "உன்னைப் படிக்க வைக்க ஊரார் எழுத்தையெல்லாம் அடித்து அடித்து எனக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. நீ படித்து என்ன கிழித்தாய்?"'

தேதியும் போட்டிருந்தாள்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா போன பிறகு பதினாறு வயதில் விசைப்பலகையில் கை வைத்தவள் நான். இருபத்திரண்டு வருடமாக அவளிடம் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அன்று பாத்திரம் தேய்க்கிற சண்டையில் வாய் தவறிக் கொட்டிவிட்டேன். இரண்டு வருடமாக மன்னிப்புக் கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தேதி போட்டு அச்சேற்றியிருக்கிறாள்.

"தொடலைன்னு சொன்னே."

"கேட்டா நீ போட விட்டிருக்க மாட்டே."

"என் மானத்த வாங்கவா இத்தனை வருஷம் படிச்சே?"

"மானத்த வாங்கல. ஆதாரம் வேணும்ல?"

"சண்டையில பேசினதெல்லாம் ஆதாரமாடி?"

நேரம் இரண்டு இருபது. இந்த ஒன்றை அழித்தால் போதும். ஐந்து நான்காகும், நாற்பத்தேழு நாற்பத்தாறாகும், கையால் அடித்த அத்தனையும் தானாகப் பொருந்திவிடும். ஏற்கெனவே மாற்றிய நாற்பத்தொன்றும், எண்களைப் புதுப்பிக்கும் எஃப் ஒன்பதை அழுத்தினால் சரியாகிவிடும். ஒரு பொத்தான். அவளுக்காகத்தான் அழிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. அந்த வார்த்தைகள் உலகத்தில் எங்கேயும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அழித்துவிட்டேன்.

"அன்டூ பண்ணு." என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எடு. பட்டம் வேணுமா வேணாமா?"

"அந்த வரிய நான் எங்கேயும் படிக்கலக்கா. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உன்கிட்ட கேட்டது. அப்புறம்தான் போய் அந்தப் பொம்பளைங்ககிட்ட அப்படியான்னு கேட்டேன், ஆமான்னாங்க. என் ஆராய்ச்சி மொத்தமும் அங்கேருந்துதான் நிமிந்துச்சு. அத எடுத்துட்டா அந்தாளு சொன்னது உண்மையாயிடும். ஆதாரம் இல்லாம எழுதினவ ஆயிடுவேன்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

இதற்குத்தான் ஆட்களைப் படிக்க வைக்கக்கூடாது என்று தோன்றியது. அடுத்த கணமே, இப்படிப் பேசத்தானே படிக்க வைத்தோம் என்றும் தோன்றியது. கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தால் மனிதன் என்னதான் செய்வது. எழுந்து கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன்.

நான்காம் எண் இருந்த வரிக்கு முந்தைய வரியின் மேல்தான் மூன்றாம் எண் நின்றது. திரும்ப வந்து உட்கார்ந்தேன். அன்டூ செய்தேன். நான்கில் இருந்ததை அப்படியே வெட்டி, மூன்றாம் விவரத்தின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி போட்டு ஒட்டினேன். மூன்றை நகர்த்தி இரண்டாவது வரியின் முடிவில் வைத்தேன், இரண்டு வரிக்கும் சேர்த்து. நான்கை நீக்கினேன். முழுக்கத் தேர்ந்து எஃப் ஒன்பது. கணினி யோசித்தது. பிறகு 46க்குப் போனேன். பணி விதிகள். தைலம் 45க்கே திரும்பிப் போயிருந்தது.

அச்சு இயந்திரம் இருநூறாம் பக்கத்தில் தாளை மென்றது. இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினேன். மூன்றே முக்காலுக்குத் தாள்கட்டைக் கையில் அணைத்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினோம். கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை.

தேர்வாளர் பையை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர் உட்கார்ந்து, காலையில் கோடு போட்ட இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். 46, 31, 72. தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு ஏழாம் பக்கத்துக்குத் திருப்பினார்.

"காலையில இது நாலாவதா இருந்துச்சே."

"மூணோட சேர்த்துட்டோம் சார். அது நடுவுல புகுந்ததாலதான் மத்த எண்ணெல்லாம் தப்பாச்சு" என்றாள்.

"சரி. தமக்கை, சமையலறை. பதிவு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இத எப்படிம்மா நம்புறது? உங்க ஆய்வே இந்த வரியிலதான் நிக்குது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போனேன்.

"நான்தான் சார் அந்த அக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னதுதானா? இல்ல, ஏதோ கோபத்துல வந்த வார்த்தையா?"

இரண்டு வருடமாக நான் சொல்லக் காத்திருந்ததும் அதுதான். கோபத்தில் வந்தது, மனதில் வைத்துக்கொள்ளாதே. அவரே வாயில் எடுத்துக் கொடுக்கிறார். சொல்லிவிட்டால் தங்கையோடு எனக்குச் சமாதானம், அவளுடைய ஆய்வுக்குச் சமாதி.

"நான் சொன்னதுதான். கோபத்துல சொன்னேன், ஆனா பொய் சொல்லல. இன்னைக்குக் கேட்டாலும் அதேதான் சொல்வேன்."

"கடைசி வரியுமா?"

"அதையும்தான் சொன்னேன்."

அவர் பேனாவை எடுத்து நீட்டி, அந்த விவரத்துக்குப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதன்கீழ் அவர் போட்டார். "வாழ்த்துகள் டாக்டர்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெளியே மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இன்னைக்குக் கேட்டாலும் அதேதான் சொல்வியாக்கா?"

"என்ன கிழிச்சேன்னு கேட்டது தப்பு. மன்னிச்சிரு. அத மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"முன்னாடி சொன்னது?"

வாபஸ் வாங்கத்தான் நினைத்தேன். வரவில்லை. "அது நிஜம்டி."

அவள் என் தோளில் சாய்ந்தாள். "சரி, பேசு" என்றாள். "உனக்குன்னு ஏதாவது பேசு. நான் எழுதமாட்டேன்."

வாயைத் திறந்தேன். சட்டென்று ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.