பிள்ளையாருக்கு முளைத்த குடை

1

மனித நாகரிகத்தின் போக்கையே மாற்றவிருக்கும் ஒரு பொருளைப் பற்றி இக்கதை பேசப்போகிறது. வாசகர்கள் நிமிர்ந்து உட்காரவும். பொருள்: மாட்டுச் சாணம்.

கதை கிடைத்த விதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஓரிக்கைச் சாலையில் மிதித்துவிட்டேன். செருப்பைத் துடைக்கக் குனிந்தால், சாணத்தின் மேல் குண்டூசித் தலையளவு ஆரஞ்சுப் பொட்டுகள். காளான்களாம். ஒரே சாணத்தில் பத்துப் பதினைந்து வகை உண்டாம். ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது இடம்பிடிக்குமாம். எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஓய்கிற வழக்கம் கிடையாது.

2

பிள்ளையார்பாளையத்தின் ஒரு தறி வீட்டில், மூடுபனி மெல்ல… (அடித்துவிட்டேன். மூடுபனி எல்லாரிடமும் இருக்கிறது.)

அந்த வீட்டுப் பெண் சுகாசினி, தாவரவியல் ஆய்வு மாணவி. மாகறல் கிராமத்திலிருந்து கொண்டுவந்த சாணத்தை, பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தாள் விரித்து வைத்திருக்கிறாள். வெளிச்சத்தைக் குறிபார்த்து வித்துத்தூளைத் துப்புவது ஒன்று, கிண்ணம்போல ஒன்று என்று பத்து வகை எண்ணியாயிற்று. பாக்கி குடைக்காளான். அது கையில் கிடைத்தால்தான் ஆய்வேடு முடியும்.

மார்கழி. கோலத்தில் வைக்கப் பிள்ளையார் பிடிக்க வேண்டும், சாணம் இல்லை. அம்மா கலையரசி டப்பாவைத் திறந்துவிட்டாள். (இவ்வளவு அப்பாவியா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் வீட்டிலேயே சாணம் இருக்க, யார் தெருவில் தேடுவார்கள்?)

3

கோலத்திலிருந்து எடுத்துத் துளசி மாடத்து ஈரத்தில் வைத்த பிள்ளையாரின் தலையில், நாலாம் நாள் காலை ஒரு வெள்ளைக் குடை. தெருவே கூடிவிட்டது. நெசவாளர் சங்கத் தலைவர் ராஜகோபால் தன் வெண்பட்டு அங்கவஸ்திரத்தை விரித்துப் பிள்ளையாரை அதில் அமர்த்தினார்.

“எம்.எல்.ஏ. வந்துக்கினு இருக்கார். யாரும் தொடாதீங்கபா.”

“மாமா, அது என் காளான். மத்தியானத்துக்குள்ள கரைஞ்சிடும், குடுத்துடுங்க.”

“சாமி குடை கரையுமாமா? இன்னா படிச்சியோ போ!”

“அம்மா, நீயாச்சும் சொல்லேன், என் டப்பா சாணின்னு.”

கலையரசி கூட்டத்தைப் பார்த்தாள். “டப்பாவா? எந்த டப்பாடி?”

4

முடிவு ஒன்று: அம்மா மனம் மாறி உண்மையைச் சொல்கிறாள். (தெருவே அவள் பிடித்த பிள்ளையாரைக் கும்பிட்ட பிறகா?)

முடிவு இரண்டு: சுகாசினி பறித்துக்கொண்டு ஓடுகிறாள். விறுவிறுப்புதான்; ஆனால் தெரு நெடுகத் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள், ஓட இடமில்லை.

நடந்தது: எம்.எல்.ஏ. வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் குடை கறுத்து, மையாகி, பட்டில் சொட்டியது. அவளுக்கு வேண்டிய வித்துத்தூள் முழுதும் அந்த மையில்தான். ராஜகோபால் கறையோடு பட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டிவிட்டார்.

இப்போது சுகாசினி கத்தரிக்கோலோடு அவர் வாசலில் நிற்கிறாள். மணியை அழுத்துவாளா, அவர் ஓர் அங்குலத் துண்டாவது தருவாரா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே அந்தக் கறைக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள்.

அது சாணிக்காளான்.