நட்டநடுவில் மன்னிப்பு

எனக்கு வாய் சரியில்லை. தையல் கடையில் எல்லாரும் சொல்வதுதான், நானே ஒப்புக்கொள்கிறேன். வேலை போய் மூன்று மாதம் வீட்டிலிருந்த தங்கையை ஏதோ எரிச்சலில் தண்டச்சோறு என்று சொல்லிவிட்டேன். அன்றே கிளம்பிப் பெண்கள் விடுதிக்குப் போனவள்தான், எட்டு மாதம் ஆகிறது. போனில் மன்னிப்பில் ஆரம்பித்துத் திட்டில் முடிப்பேன். அவள் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேறு ஊருக்கே போகிறாள் என்று விடுதி வார்டன் சொன்னார். போய்விட்டால் அவ்வளவுதான், திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அதனால் பேசாமல் வரைந்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வரைகிற கை அவளுடையது; எனக்குக் கோடு நேராக வருவதே துணியில்தான். அவள் விட்டுப்போன கெட்டித்தாள் நான்கு இருந்தது. அவள் போன நாளில் ஆரம்பித்து, நான் மன்னிப்புக் கேட்பது வரைக்கும் பதினாறு படம், தாளுக்கு முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று வரிசையாகப் போட்டேன். நான்கையும் பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பில் ஐந்து துளை குத்தி, மெழுகு தடவிய காஜா நூலால் தைத்தேன். சட்டைப் பெட்டி அட்டையில் லைனிங் துணி ஒட்டி மேலட்டை போட்டேன். தையலை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

திறந்தால், முதல் பக்கத்தில் இரண்டாவது படம். அடுத்து மூன்றாவது. அதற்கடுத்து ஆறாவது. மன்னிப்பு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. முதல் படத்தைக் காணோம். தேடினால் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. தாளை மாற்றி வைத்தேனா? இல்லையே. மடித்தால் வரிசை எங்கே ஓடிப்போகும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருபது வருஷம் துணி தைத்தவள் நாலு தாளிடம் தோற்றேன். பிரித்துத் தைக்க நேரமில்லை, அன்றுதான் ஞாயிறு, அவளுக்கு மூன்று மணிக்கு பஸ்.

விடுதி அறையில் அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். வரிசை தப்பிவிட்டது, இது அங்கே வரணும், அது இங்கே வரணும் என்று உளறினேன். சும்மா இரு என்றாள். நடுப்பக்கப் படத்தில் முட்டிபோட்டு நின்ற என்னைக் காட்டி, இது என்ன மேஜையா என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வாசலில் இரண்டு பையோடு ஒருத்தி. எனக்கு முகம் வரைய வராது, வெறும் வட்டம்தான்.

"கடைசியில நான் வீட்டுக்கு வர்றேனாக்கா?"

அது அவள் போகிற படம். சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. ஆமாம் என்றேன்.

"நீ எங்க இருக்க இதுல?"

அன்றைக்கு உள்ளே தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன், அவள் போகிற சத்தம் காதில் விழக்கூடாது என்று.

"உள்ள. மிஷின்ல."

"நான் ரெண்டு பையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். நீ எந்திரிச்சுகூட வரமாட்டியா?"

எந்த நாளைக் கேட்கிறாள்? வரப்போகிறதையா, போனதையா? அவள் முகத்தைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. கட்டிலருகே கட்டி வைத்திருந்த இரண்டு பைகளில் கனமானதைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"வந்துட்டேன்டி."

அவள் மற்றதை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கா வீட்டுக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். தெருமுனையில் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.