முயலகனின் முகம்

அண்ணனின் வாயை மூட முடியவில்லை. தாடையைத் தூக்கிப் பிடித்தால் மூடியது. கையை எடுத்தால் மெல்லத் திறந்துகொண்டது.

"நீங்க கொஞ்சம் பாருங்க தம்பி," என்று அண்ணி துணியை நீட்டினாள். "முகத்தோட வாகு உங்களுக்குத்தானே தெரியும்."

ஏழு வருஷமாகப் பேசாத அண்ணனின் கன்னத்தில் சிற்பி கை வைத்தார். ஒடுங்கிய கன்னம், இடப்பக்கம் சற்றே கோணிய மூக்கு, புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள். தடவிப் பார்க்கத் தேவையே இல்லை. இந்த முகத்தை அவர் கருங்கல்லில் செதுக்கியிருக்கிறார். அதிலும் வாய் இப்படித்தான் பாதி திறந்திருந்தது.

இருவரும் ஒரே பட்டறையில் உளி பிடித்தவர்கள். ஒருநாள், முடிந்துபோன அம்மன் சிலையை நகர்த்தும்போது அண்ணனின் கடப்பாரை நழுவி, 'அஞ்சாதே' என்று காட்டும் கை மணிக்கட்டோடு போயிற்று. கை போனால் மூளி. யாரும் கும்பிட மாட்டார்கள். வாங்க வந்தவர்கள் முன்னாலேயே தம்பி கத்தினார்: "உன் கை பட்டா சாமிகூட மூளியாயிடும்!"

அண்ணன் உளியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். பிறகு கல்லைத் தொடவே இல்லை. ஒரு கிடங்கில் காவலுக்குச் சேர்ந்துவிட்டார்.

தம்பிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மாதமே ஒரு நாட்டியப் பள்ளிக்கு நடராஜர் செய்ய வேண்டியிருந்தது. ஆடுகிறவரின் காலடியில் கிடக்கும் குள்ளன் முயலகன், அறியாமையின் உருவம். சாமி அவனைக் கொல்வதில்லை, எழுந்திருக்கவும் விடுவதில்லை. அந்தக் குள்ளனுக்கு அண்ணனின் முகத்தை வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

"கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணி?"

அண்ணி தலையணையைச் சரிசெய்தாள். "மூச்சு வாங்குச்சு. நடுவுல, 'காலை எடுக்கச் சொல்லு, பாவம், முதுகு என்னத்துக்கு ஆகும்'னாரு. ரெண்டு மூணு தடவை. போர்வை கனக்குதோன்னு எடுத்துப் பார்த்தேன். அப்பவும் அதையேதான் சொன்னாரு."

சிற்பி துணியை இழுத்து முடிச்சுப் போட்டார். அண்ணனின் கண் இருந்த பக்கம் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆயிற்று. சோற்றில் கை வைத்தாலும் அந்த முகம்தான். உட்கார்ந்தால் முதுகில் ஏதோ அழுந்தியது. பட்டறையில் உளியை வைத்தால், கல்லுக்குள்ளிருந்து யாரோ மூச்சு வாங்கினார்கள்.

நான்காம் நாள், பையில் சுத்தியலும் உளியும் போட்டுக்கொண்டு நாட்டியப் பள்ளிக்குப் போனார். காலை எடுக்க வழியில்லை. சாமியும் குள்ளனும் ஒரே கல். முகத்தையாவது கொத்திவிடலாம்.

வகுப்பு இல்லாத நேரம். ஒரு பெண் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குள்ளனின் முகத்தைப் பார்க்க, மண்டியிட்டுக் கன்னத்தைத் தரைவரை கொண்டுபோக வேண்டியிருந்தது.

"இது நீங்கதானே சார்?" என்றாள் அவள், பின்னாலிருந்து.

"எது?"

"இந்தக் குள்ளன்தான். அச்சு அசல் உங்க மூஞ்சி! உள்ள வரும்போதே நினைச்சேன். ஒருத்தரு வாராவாரம் வந்து இங்கயே உக்காந்திருப்பாரு. 'என் தம்பி செஞ்ச சிலைம்மா இது. என்னைத் திட்டிட்டு மனசு கேக்காம, தன் மூஞ்சியையே கொண்டுபோய் காலடியில போட்டுட்டான், பைத்தியக்காரன்'ம்பாரு. கிளம்பறப்ப அந்த முதுகைத் தடவிக் குடுத்துட்டுப் போவாரு."

சிற்பி குள்ளனின் மூக்கைப் பார்த்தார். இடப்பக்கம் கோணல். அவர் கை தன்னையறியாமல் தன் மூக்குக்குப் போயிற்று. அப்பா இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போன மூக்கு.

"ரெண்டு மாசமா ஆளையே காணோம். நல்லாத்தானே இருக்காரு?"

"ம்," என்றார்.

"கொஞ்சம் நகருங்க சார், அந்த இடம் மட்டும்தான் பாக்கி."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். உள்ளே இரும்பும் இரும்பும் உரசின. அவள் துடைத்தபடியே வாசல்வரை பின்னால் நகர்ந்து போனாள்.

"காயற வரைக்கும் அங்கயே நில்லுங்க!" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவர் நின்றார். ஜன்னல் பக்கத்தில்தான் தரை முதலில் காயத் தொடங்கியது, திட்டுத் திட்டாக.