கடற்புல்லுக்கு ஒரு பேராசிரியர்

பேராசிரியர் பதவிக்குச் சனூஸா அனுப்பிய விண்ணப்பம் ஒரு பக்கக் கடிதத்தோடு திரும்பி வந்தது. அவள் காட்டியிருந்த முப்பத்தொரு கட்டுரைகளில் இருபத்தேழு ஏற்கெனவே வேறொருவருக்குக் கணக்கிடப்பட்டுவிட்டனவாம். மிஞ்சிய நான்கையும் மற்ற ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டியது பதினொரு தடவை. பதினொரு மேற்கோளோடு பேராசிரியர் பதவி கேட்பவளைப் பல்கலைக்கழகம் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் அந்தக் கடிதம் பார்த்திருந்தது.

கொட்டியாரக் குடாவின் கடற்புல்லை அவள் பத்தொன்பது வருடமாக ஆராய்ந்தவள். இடுப்பளவு தண்ணீரில் நின்று நின்று கால் விரல்கள் ஊறி வெளுத்ததைப் பல்கலைக்கழகத்தில் காணாதவர் இல்லை. அதெல்லாம் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

கோளாறு பெயரில் இருந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் குடும்பப் பெயர் கேட்கும். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லாரையும் போல அவளும் அந்தக் கட்டத்தில் வாப்பாவின் பெயரைப் போட்டாள். அச்சில் வந்தது 'பக்கீர், எஸ்.' அவளுடைய தம்பி ஸாஜித்தும் அதே வாப்பாவின் பிள்ளை. தோப்பூர் வயல்களின் நெற்பூச்சி பற்றி அவன் எழுதியதிலும் 'பக்கீர், எஸ்.' தான். மேற்கோள்களை எண்ணுகிற இணையத்தளத்தில் இரண்டு பேரும் ஒரே ஆளாகி, அவனுடைய பக்கத்தில் ஆயிரத்து முந்நூறு மேற்கோள்கள் குவிந்து கிடந்தன. போன வருடம் விவசாய பீடத்தில் அவன் பேராசிரியரானபோது, இரு துறை விற்பன்னர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டாவது துறை எது என்று சனூஸா கேட்கவில்லை. விருந்துக்குக் குசினியில் வெந்துகொண்டிருந்தவளுக்கு அதற்கு ஏது நேரம்?

கடிதத்தோடு பாலையூற்றில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். ஸாஜித் கதிரையை இழுத்துப் போட்டான்.

"என்ட பிழை ஒண்டுமில்ல ராத்தா. அந்த மெஷின் தானாச் சேத்துட்டு."

"நேத்து அந்தத் தளத்தில நானும் என்ட பேருக்கு ஒரு பக்கம் திறந்து பாத்தன். ஒவ்வொரு கட்டுரையாக் காட்டி, இது உங்கடதா எண்டு கேக்குது. ஓம் எண்டு அமத்தினாத்தான் சேரும். இருபத்தேழு தரம் அமத்தியிருக்கிறாய், தம்பி."

அவன் தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு சமாதானமாகச் சொன்னான். "இனி நான் எழுதுறதுல உங்கட பேரையும் போடுறன்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! சனூஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடற்புல்லு பூக்குமா, பூக்காதா? சொல்லு பாப்பம்."

"பாசிதானே ராத்தா. பாசி எங்க பூக்கிற?"

அது பாசியில்லை. வேரும் பூவும் உள்ள புல். அந்த வெள்ளைப் பூவைப் பற்றித்தான் அவளுடைய முதல் கட்டுரை.

"நேர்முகத்தில ஒருத்தரும் இதக் கேக்கல்லயா?"

"இல்ல. எண்ணிக்கையத்தான் பாத்தாங்க." அவன் குரல் இறங்கியது. "நீங்க எழுதிக் குடுத்தா என்ட பதவி போகும், ராத்தா. வாப்பாட பேரும் நாறும்."

"வாப்பாட பேர வச்சுத்தானே களவெடுத்தாய்," என்று சொல்லிவிட்டு, ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்தாள். அன்று பின்னேரமே களக் குறிப்புகள், புகைப்படங்கள், சஞ்சிகைகளின் கடிதங்கள் எல்லாவற்றையும் இணைத்து முறைப்பாட்டை அனுப்பினாள். நியாயம் தன் பக்கம் மலைபோல இருக்கிறது என்று நம்பினாள், பாவம்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவாளர் எழுதினார். இத்தகைய முறைப்பாடுகளை அந்தந்தத் துறைப் பேராசிரியரே பரிசீலிக்க வேண்டும் என்பது விதியாம். கடற்புல் ஆய்வில் அதிக மேற்கோள்கள் பெற்ற ஒரேயொரு பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் இருப்பதால், கோப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

வேலிக்கு ஓணான் சாட்சி. சனூஸா பதிவாளரின் கந்தோருக்கு நேரே போய், அந்தப் பேராசிரியர்தான் தன் தம்பி, முறைப்பாடே அவன்மேல்தான் என்று சொன்னாள். உறவு பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்றார் பதிவாளர். நல்ல மனிதர், தண்ணீரும் கொடுத்தார்.

கூடப் பிறந்தவன், கையெழுத்துப் போடும்போதாவது கை நடுங்காதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. அறிக்கை ஒன்பதாம் நாள் வந்தது. இரண்டே வரி.

"இக்கட்டுரைகள் சர்வதேசத் தரம் வாய்ந்தவை. விண்ணப்பதாரிக்கு இவற்றை எழுதும் ஆற்றல் இருப்பதாகத் தெரியவில்லை."